ஏழாம் வரிசைக் குறிப்பு

முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் காவலர் அதைத்தான் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. கோப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் 'இயற்கை வைத்தியர்' என்று இருக்கிறதாம். அது நூலக வாசலில் ஆரம்பித்த வியாதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதிவேட்டுக்காரர் என்ன உத்தியோகம் என்று கேட்டார். "இயற்கை மொழிச் செயலாக்க வல்லுநர்" என்றேன். பேனாவை அந்தரத்தில் நிறுத்தி ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் மூன்று பேர் வந்து நாக்கை நீட்டிவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன். வாரக் கடைசியில், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேருக்குக் குணமாகிவிட்டது. அதிலிருந்து பல்கலைக்கழகம் முழுவதும் எனக்கு வைத்தியர் என்றே பெயர்.

உண்மையில் என் வேலை, மனிதர்கள் எழுதுவதைக் கணினிக்குப் புரியவைப்பது. எங்கள் நூலகத்தில் அறுபதாயிரம் ஆய்வேடுகள் இருக்கின்றன. எழுதியவரும் அவருடைய வழிகாட்டியும் தவிர வேறு யாரும் திறக்காதவை. அவற்றில் என்ன இருக்கிறது என்று மெஷின் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். முதல் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன், நன்றாகவே செய்தேன்.

பிறகு தலைமை நூலகர் என்னைக் கூப்பிட்டார். நல்ல அம்மாள், குரலை உயர்த்தத் தெரியாதவர். மேஜை மேல் பிரிவுகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்ட குறிப்புகள் ஒரு முழம் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"மூணு வரிக்கு மேல படிச்சா எனக்குத் தலைவலி வருது, வைத்தியரே. ஏதாவது பண்ணுங்களேன்."

பண்ணினேன். குறிப்புப் பலகை என்று ஒன்றைக் கட்டினேன். எல்லாப் பிரிவினரும் தங்கள் குறிப்பை அதில் எழுதுவார்கள். மெஷின் படித்து மூன்று வரியாகச் சுருக்கி, உரியவர்களுக்கு அனுப்பும். தலைமை நூலகர் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. சாதாரண விஷயம் பச்சை, கவனிக்க வேண்டியது மஞ்சள், ஆபத்தும் அடிதடியும் சிவப்பு. திரையின் மேலே ஒரு எண். ஊழியர்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். அதற்கு இணக்க எண் என்று பெயர் வைத்தவர் தலைமை நூலகர்தான். அவர் பெயர் வைத்த பிறகு அது சும்மா கிடக்க முடியாது அல்லவா, ஏற வேண்டும். ஒரு சிவப்புக் குறிப்பு வந்தால் இருபது குறையும், ஏழு நாள் அழியாமல் நிற்கும். சிவப்பு இல்லாத நாட்களின் கணக்கும் ஒரு மூலையில் ஓடும்.

ஆரம்பத்தில் அந்த எண் முப்பத்தொன்று. அதற்குக் காரணம் இரண்டே இரண்டு பேர்.

ஒருவர் பட்டியல் பிரிவுத் தலைவி. இன்னொருவர் கொள்முதல் பிரிவுத் தலைவர். அவர் இவருடைய கணவரின் தம்பி. ஒரே வீட்டின் இரண்டு பாதியில் குடியிருந்தார்கள். கொழுந்தனார் தன் பக்கத்தில் ஏசி மாட்டியபோது அதன் வெளிப்பெட்டியை நடுச்சுவரில் பொருத்திவிட்டார். அந்தப் பெட்டி அண்ணியின் சமையலறை ஜன்னலுக்குள் ஊதியது. பதினொரு வருடமாக அவர்கள் நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அலுவலகக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அண்ணி எழுதிய ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம்: "கொள்முதல் பிரிவு அனுப்பிய நாற்பது நூல்களில் பன்னிரண்டு ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. ஒரு பொருளை வாங்கும் முன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் வழக்கம் சிலருடைய குடும்பத்திலேயே கிடையாது. எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில்தான் இருபது வருடமாக இருக்கிறேன்."

இதை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மெஷினில் மென்மை என்று ஒரு அளவு வைத்தேன், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்று யாரும் அறிவித்துவிட்டுப் போடுவதில்லை. மூன்றில் வைத்துப் பார்த்தேன். அண்ணியின் குறிப்பு கொழுந்தனாருக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது: "நாற்பதில் பன்னிரண்டு ஏற்கெனவே உள்ளன. அடுத்த முறை சேர்ந்து பார்க்கலாம். இருபது வருட உறவை மதிக்கிறேன்."

அவர் அதை மூன்று முறை படித்ததை நான் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் எழுதிய பதில் உண்மையிலேயே மென்மையாக இருந்தது. மெஷினுக்கு வேலையே இல்லை.

ஒன்றரை மாதத்தில் ஏசி பெட்டி இரண்டு அடி நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அண்ணி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கொள்முதல் பிரிவுக்கு நடந்து போனார். வழியில் இருந்தவர்கள் எல்லோரும் அடி விழப்போகிறது என்று எழுந்து நின்றார்கள். "தம்பி, காரம் கொஞ்சம் கூட. பாத்துச் சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். இணக்க எண் எண்பதைத் தாண்டியது. மென்மையை ஏழுக்கு ஏற்றினேன்.

அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு பேரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உண்மையில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது அவ்வளவு முக்கியமா என்ன? என்ன போய்ச் சேர்ந்தது என்பதல்லவா முக்கியம்.

எனக்குப் பிடிபடாதவர் ஒரே ஒருவர். நிலத்தடிக் கிடங்கின் பொறுப்பாளர். எல்லோரும் கிடங்குக்காரர் என்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம், படியிறங்கும்போது தலையைக் குனிந்துதான் போவார், வார்த்தையில் மட்டும் யாருக்கும் குனிய மாட்டார். கீழே பழைய இதழ்த் தொகுதிகள் நகரும் அலமாரிகளில் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள், தண்டவாளத்தில் ஓடும் பெரிய இரும்பு அலமாரிகள். மொத்தம் பதினொன்று. பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் விலகி ஒரு வழி திறக்கும். உள்ளே போகும்போது பிரேக்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் வழி மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றும் புத்தகங்களோடு நாலு டன் எடை.

அவர் எழுதிய குறிப்பு ஒன்று: "நகரும் அலமாரி பிரமாதமாக நகர்கிறது. சொல்லாமலே நகர்கிறது. இவ்வளவு சுறுசுறுப்பான ஊழியர் இந்த நூலகத்தில் வேறு யாரும் இல்லை. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறேன்."

மெஷின் இதைப் பச்சையாக்கி அனுப்பியது: "அலமாரிகள் சிறப்பாக இயங்குகின்றன. கிடங்கு ஊழியர் ஒருவருக்குப் பதவி உயர்வு கோரப்படுகிறது." தலைமை நூலகர், இந்த ஆண்டு பதவி உயர்வு எதுவும் இல்லை என்று பதில் அனுப்பினார். கிடங்குக்காரர் அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு மேலே என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"வைத்தியரே, உங்க மெஷினுக்குக் காது இருக்கு, மூளையும் இருக்கு. நக்கல்தான் இல்ல."

அது என்னைக் குத்தியது. ஏனென்றால் எனக்கும் இல்லை. கல்யாணமான புதிதில் நான் ஒரு நாள் சமைத்தேன். "ஆகா, இனிமே தினமும் நீங்களே சமைங்க" என்றாள் என் மனைவி. ஒரு வாரம் சமைத்தேன். எட்டாம் நாள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் துறையில் நக்கல் என்பது பெரிய கணக்கு. சொல் ஒரு பக்கம் போகும், பொருள் எதிர்ப் பக்கம் போகும், கணினி சொல்லின் பின்னாலேயே ஓடும். அதைத் தீர்த்தவர்கள் அதிகம் இல்லை.

ஆகவே அன்று நான் அவரிடம் அலமாரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாக்கியத்தைப் பற்றித்தான் கேட்டேன். சொல்லாமலே நகர்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள், நான் பிரமாதம் என்ற சொல்லின் எடை என்ன என்று கேட்டேன்.

அவருடைய பழைய குறிப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு என்னிடம் இருந்தன. மூன்று வாரம், சாப்பாட்டு இடைவேளையில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துக் கொடுத்தார். "இது நக்கல். இது நிஜம். இது நக்கல் மாதிரி இருக்கும், ஆனா வயித்தெரிச்சல்." ஒரு குறிப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதை எழுதினப்ப என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியல. பாதிப் பாதின்னு போட்டுக்குங்க." தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுப்பார். என் சாப்பாட்டை வாங்கிக்கொள்ள மாட்டார். அலுவலகத்தில் எனக்கு நண்பர் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு மெஷின் நன்றாகத் தேறியது. அதற்கு இடையில் அவர் பிரேக்கைப் பற்றி இன்னும் மூன்று முறை எழுதினார் என்பது உண்மை. மென்மை ஏழில் அவை எப்படிப் போயின என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்புப் பிரிவில் எண்பது வேலைகள் வரிசையில் இருந்தன. அவசரம் இல்லாதது கடைசியில் நிற்கும், அதில் அதிசயம் என்ன.

இனி அந்த இரண்டு நாட்களுக்கு வருகிறேன்.

பல்கலைக்கழகங்களைத் தரம் பார்க்கும் குழு மறுநாள் வருவதாக இருந்தது. மதியம் தலைமை நூலகர் திரையின் முன்னால் நின்றார். இணக்க எண் தொண்ணூற்றாறு. மூலையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"நாளைக்கு இருநூறு ஆயிடும் இல்ல?"

"ஆயிடும் மேடம்."

"அவங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டப்போறேன். வேற எந்த நூலகத்துலயும் இது இல்ல."

மாலை நாலே முக்காலுக்குக் கிடங்குக்காரர் ஒரு குறிப்பு எழுதினார். மறுநாள் அவருக்கு லீவு, அவருடைய அக்கா வீடு மாறுகிறார், சாமான் தூக்க உயரமான ஆள் வேண்டும். அவருடைய குறிப்பு எல்லோருடைய பலகையிலும் பச்சையாக வந்தது: "நாளை விடுப்பு. ஏழாம் வரிசைப் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். அவசரம் இல்லை."

மறுநாள் காலை பத்தரைக்குக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் பழைய இதழ்த் தொகுதி ஒன்றைப் பார்க்க விரும்பினார். அது ஏழாம் வரிசையில் இருந்தது. பலகையைப் பார்த்தார்கள், பச்சை. பட்டியல் பிரிவுத் தலைவி தானே எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். "தனியா எதுக்குப் போறீங்க அண்ணி, இருட்டா இருக்கும்" என்று கொள்முதல் தலைவரும் கூட இறங்கினார். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அண்ணி இறங்குகிற படியில் அவர் இறங்கியிருக்கவே மாட்டார். இதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணி உள்ளே கோடி வரை போய்த் தொகுதியைத் தேடினார். பிரேக் போட்டிருந்தது, பிடிக்கவில்லை. அந்தத் தரை நடுவை நோக்கி லேசான சரிவு. பக்கத்து அலமாரி மெதுவாகக் கிளம்பியது. நாலு டன் அவசரப்படாது, ஆனால் நிற்கவும் நிற்காது. கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டு, நடுவில் புகுந்து தோளைக் கொடுத்தார்.

பின்னால் வந்து சேர்ந்தவர்கள் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. இரும்பை வெட்ட ஆள் வரும்வரை நாற்பது நிமிடம். அவருக்குப் பின்னால், அவர் உடம்பு தடுத்து வைத்திருந்த இடைவெளியில், அண்ணி நின்றார். நான் படிக்கட்டில் இருந்தேன், குரல் மட்டும் கேட்டது. "தம்பி, தூங்கிடாதீங்க. பேசுங்க. ஏதாவது பேசுங்க." அவர் பேசினார். ஏசி பெட்டியை முதலில் எங்கே மாட்ட நினைத்தார் என்பதைச் சொன்னார். பிறகு அண்ணி மட்டும் பேசினார். பதினொரு வருடம் பேசாதவர்கள் நாற்பது நிமிடம் பேசினார்கள். என்னால் அதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது கால் பிழைக்கவில்லை.

பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழு போட்டது. கிடங்குக்காரரைக் கூப்பிட்டார்கள். யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று தான் எழுதியதாக அவர் சொன்னார். சரி, மூலக் குறிப்பைப் பார்த்துவிடலாம் என்று திறந்தார்கள். அதில் இப்படி இருந்தது: "நாளைக்கு நான் லீவு. ஏழாம் வரிசையில் பிரேக் வழக்கம்போலப் பிரமாதம். யாராவது கவனித்தால் புண்ணியம். அவசரம் ஒன்றும் இல்லை, விருப்பமுள்ளவர்கள் உள்ளே போய் அனுபவிக்கலாம்."

அவர் அதைப் படித்தார். முதலில் தலையை ஆட்டினார். இன்னொரு முறை படித்தார். ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நான் இப்படி எழுதல சார். நல்லா ஞாபகம் இருக்கு." மூன்றாம் முறை படித்துவிட்டு, "ஆனா இது என்னோட பேச்சுதான். நான் பேசற மாதிரிதான் இருக்கு." பிறகு யாரும் கேட்காமலே, "அன்னிக்குக் கிளம்பற அவசரத்துல இருந்தேன்" என்றார்.

நிபுணர் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். நக்கல்தான் என்று சொன்னேன். ஆபத்தை மறைக்கும் எண்ணம் இல்லை, பழக்க தோஷத்தில் கேலியாக எழுதியிருக்கிறார், மெஷின் சொல்லை நம்பிவிட்டது என்று விளக்கினேன். பொறுப்பில்லாமல் எழுதியதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்குப் போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க மட்டும் நக்கல்னு சொல்லலைன்னா, வேணும்னே பண்ணினான்னு உள்ள தள்ளியிருப்பாங்க. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"அதெல்லாம் எதுக்கு" என்றேன்.

"இல்ல, சொல்லணும். ஒரு மனுஷனோட கால் போச்சு என்னோட வாயால." டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பல்லாம் எதுவும் எழுதறதில்ல. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினாக்கூட அக்காகிட்ட காட்டறேன். இதுல ஏதாவது தப்பா இருக்கான்னு கேக்கறேன்."

அவர் போன பிறகு என் மனைவி வாசலிலேயே நின்றாள். "எவ்வளவு நல்ல மனுஷன். ஒரு தடவைகூடச் சிரிக்கலையே" என்றாள். ஆப்பிள் நன்றாக இருந்தது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அண்ணிதான் விடவில்லை. பட்டியல் பிரிவில் இருப்பவர்களின் குணம் அது, ஒரு எண் இடம் மாறியிருந்தால்கூடத் தூக்கம் வராது. மெஷின் எப்படித் தப்பாகப் படித்தது, அதைத் தடுக்க ஆள் இல்லையா என்று கேட்டு, விசாரணை அதிகாரியான உங்களுக்கு மனு எழுதினார். நீங்களும் பத்து மாதம் கழித்து எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்துவிட்டு, நேற்று எனக்குப் போன் செய்தீர்கள். மரியாதையாகத்தான் பேசினீர்கள். "மெஷின் தப்பாப் புரிஞ்சுகிட்டதுன்னுதான் அறிக்கை போகுது. திங்கட்கிழமை அந்த மெஷினை மொத்தமா அழிச்சிடுவாங்க. உங்க மேல ஒண்ணும் வராது, கவலைப்படாதீங்க" என்றீர்கள்.

நேற்று நான் சாப்பிடவில்லை. மெஷின் தப்பாகப் புரிந்துகொண்டது என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் நின்றுவிட்டது. ஆகவே கூப்பிடாமலே வந்திருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தட்டச்சுக்காரர் மெதுவாகவே அடிக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை.

சிவப்பு என்று மெஷின் சொல்லும் குறிப்புகள் நேராகப் பலகைக்குப் போவதில்லை. முதலில் என் திரைக்கு வரும். நான் சரி என்றால்தான் போகும். இந்த ஏற்பாட்டை எண் எழுபதைத் தாண்டிய வாரத்தில் செய்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாளில் அப்படி வந்தவை பதினேழு. பதினேழையும் நானே கையால் பச்சையாக்கினேன். அவற்றில் பெரும்பாலானவை சண்டைகள், தானாக ஆறிவிட்டன.

அன்று மாலை நாலு நாற்பத்தாறுக்கு வந்தது பதினெட்டாவது. கிடங்குக்காரர் எழுதியிருந்தது இதுதான்: "நாளைக்கு நான் லீவு. ஏழாம் வரிசையில் பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. யாரையும் உள்ளே விடாதீர்கள்." கீழே மெஷின் தன் தீர்ப்பை எழுதியிருந்தது: "சிவப்பு. நக்கல் இல்லை. எழுதியவர் பயந்திருக்கிறார். உடனே தெரிவிக்கவும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நூறு குறிப்புகளில் எண்பதைக் கேலியாக எழுதுகிற மனிதர், ஒரே ஒரு நாள் கேலி இல்லாமல் எழுதுகிறார், அதை அது கண்டுபிடித்துவிட்டது. அவருடைய பயத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டது. என் மனைவியின் ஆகாவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, என் மெஷினால் முடிந்தது. செல்போனில் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு தலைமை நூலகரிடம் இருநூறு ஆகிவிடும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று வரியையும் அழித்துவிட்டு வேறு மூன்று வரி எழுதினேன். அவசரம் இல்லை என்பதை எழுதியது நான். பச்சையை அழுத்தியதும் நான். ஒரு நாள்தானே, குழு போன பிறகு சிவப்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மூலக் குறிப்பை மாற்றியதும் நான்தான். படிக்கட்டிலிருந்து மேலே வந்து, ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் செய்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. மாற்றுவதற்கு ஒரு நிமிடம், வாக்கியத்துக்குப் பதினொன்று. நக்கல் எழுதுவது கஷ்டம், முதல் இரண்டு முயற்சியும் சரியாக வரவில்லை. மூன்றாவதில் பிரமாதம் என்ற சொல் வந்ததும் மற்றவை தானாக வந்து உட்கார்ந்தன. எழுதியவரே தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார் என்றால், நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளை நான் எவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெஷின் ஏமாறவில்லை. விசாரணைக்கு முந்தைய நாள் என் வாக்கியத்தை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். "நக்கல் உண்டு. எழுதியவர் இவர்தானா என்பது சந்தேகம்" என்றது. குழுவிடம் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

கிடங்குக்காரர் இப்போது ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறார் என்று கேள்வி. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்காக வரவில்லை. இதோ செல்போன், படம் அதில் இருக்கிறது. தேதியும் நேரமும் பாருங்கள், வலது மூலையில். இரண்டு தடவையும் அது சரியாகத்தான் சொன்னது. அறிக்கையில் மெஷினின் தவறு என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், திங்கட்கிழமை மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னை என்ன செய்தாலும் சரி. ஒரு பாவமும் அறியாததன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற ஆள் நான் இல்லை.